லூ சுன் எழுதியவை: ஒரு கல்முனை வாசகனின் குறிப்புகள்

லூ சுன் தன் வாழ்நாளில் வெளியிட்ட சிறுகதைத் தொகுதிகள் மூன்று. அவற்றிலுள்ள கதைகளைக் கூட்டினால் 33 வரும். நாவல் என்று ஒன்றையும் அவர் எழுதவில்லை. ஆனாலும் நவீன சீன இலக்கியம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பெரும்பாலானோர் 1918ஆம் ஆண்டு மே மாதத்தைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். 'புதிய இளைஞர்' என்ற சஞ்சிகையில் 'ஒரு பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' வெளிவந்த மாதம் அது. எழுதியவரின் இயற்பெயர் சௌ ஷூரென். 'லூ சுன்' என்ற புனைபெயரை அவர் முதன்முதலாக இட்டதும் அந்தக் கதைக்குத்தான். 'லூ' என்பது தாயாரின் குடும்பப் பெயர்.

இவருடைய நூல்களைப் பற்றி எமது மக்களுக்காக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். சீனாவைப் பற்றி இப்போது எமது பத்திரிகைகளில் வருவதெல்லாம் துறைமுகமும் கடனும்தான். அது வேறு கதை. லூ சுன் வாழ்ந்த சீனாவில் படைத்தளபதிகள் ஆளுக்கொரு மாகாணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடிபட்டார்கள். மாணவர்கள் வீதியில் சுடப்பட்டார்கள். எழுத்தாளர்கள் கைது செய்யப்பட்டு இரகசியமாகக் கொல்லப்பட்டார்கள். பத்திரிகைகள் தணிக்கையில் வெட்டுப்பட்டு வந்தன. இவற்றில் எதுவும் எமக்குப் புதிதில்லை. அவர் கேட்ட கேள்விதான் புதிது. கொன்றவனைப் பற்றியும் கொல்லப்பட்டவனைப் பற்றியும் பலர் எழுதினார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி அவர் எழுதினார். கல்முனை முதல் பொத்துவில் வரை ஒரே வீதியின் ஓரத்தில் ஊருக்கு ஊர் மாறி மாறிக் குடியிருந்து, ஒருவர் வீட்டுச் சாவை மற்றவர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அந்தக் கேள்வி நேரே வந்து தைக்கும்.

சீன எழுத்து இந்தக் கரைக்கு வந்த வழியையும் சொல்லவேண்டும். 1952இல் இலங்கையும் சீனாவும் றப்பர் - அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டன. எமது வாப்பாமார் கூப்பன் கடையில் வாங்கிய அரிசியில் சீன அரிசியும் இருந்தது. 1963இல் பீக்கிங் வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. அதற்கடுத்து கம்யூனிஸ்ட் கட்சி மொஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு என்று பிளவுபட, நா. சண்முகதாசன் தலைமையிலான அணியினர் வழியாகப் பீக்கிங்கில் அச்சான ஆங்கிலப் புத்தகங்கள் மலிவு விலையில் ஊர்களுக்கு வந்தன. மாவோவின் சிறிய சிவப்புப் புத்தகத்தோடு லூ சுன்னும் வந்தார். நான் முதலில் வாசித்தது அப்படி வந்த ஒரு தொகுதியைத்தான். யாங் சியான்யியும் அவருடைய ஆங்கிலேய மனைவி கிளாடிஸ் யாங்கும் செய்த மொழிபெயர்ப்பு. அந்தப் பிரதியை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோய்விட்டது. அன்று கடல் கொண்டுபோனவற்றில் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதே வெட்கம் என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

தமிழில் அவரைத் தந்தவர் எமது நாட்டவர், கண்டிப் பகுதியைச் சேர்ந்த கே. கணேஷ் (1920-2004). முல்க் ராஜ் ஆனந்த், கே. ஏ. அப்பாஸ், ஹோ சி மின் ஆகியோரைத் தமிழுக்குக் கொண்டுவந்த அதே கணேஷ். 1946இல் கே. இராமநாதனோடு சேர்ந்து 'பாரதி' என்ற முற்போக்குச் சஞ்சிகையை நடத்தியவர். லூ சுன்னின் சிறுகதைகளை 'போர்க்குரல்' என்ற தலைப்பில் மொழிபெயர்த்தார். இன்று அந்தப் புத்தகம் கடைகளில் தேடிக் கிடைக்கிற ஒன்றல்ல. மலையகத்திலிருந்து எழுதிய இந்த மனிதருக்கு நாம் பட்ட கடனைச் சரியாக எண்ணிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி நூல்களுக்கு வருவோம். அதற்குமுன் வாழ்க்கையை அவற்றுக்குத் தேவையான அளவில் சொல்லிவிடுகிறேன்.

1881 செப்டம்பர் 25ஆம் திகதி செஜியாங் மாகாணத்தின் ஷாவோசிங் நகரில் பிறந்தார். படித்த, வசதியான குடும்பம். பாட்டனார் அரச பரீட்சையில் இலஞ்சம் கொடுக்க முயன்ற வழக்கில் 1893இல் சிறை சென்றார். குடும்பம் சரிந்தது. தந்தை நோயில் விழுந்தார். சிறுவனான லூ சுன் அடகுக் கடைக்கும் மருந்துக் கடைக்குமாக நடந்தான். நாட்டு வைத்தியர்கள் கேட்ட விசித்திரமான மருந்துச் சரக்குகளையெல்லாம் தேடிக் கொடுத்தும் 1896இல் தந்தை இறந்தார். பின்னர் நான்ஜிங்கில் படித்து, 1902இல் அரச புலமைப்பரிசிலில் யப்பான் சென்று, 1904இல் செண்டாய் நகரில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

அங்கேதான் எல்லோரும் சொல்லும் அந்தப் படக்காட்சி நடந்தது. ரஷ்ய - யப்பானியப் போர்க்காலம். விரிவுரை முடிந்து மீதியிருந்த நேரத்தில் போர்ப் படங்களைத் திரையில் காட்டுவார்கள். ஒரு படத்தில், ரஷ்யருக்கு ஒற்றனாக இருந்தான் என்று ஒரு சீனனின் தலையை யப்பானியப் படையினர் வெட்டப்போகிறார்கள். சுற்றிவரச் சீனர்கள், நல்ல உடற்கட்டுள்ளவர்கள், வெறும் முகத்தோடு வேடிக்கை பார்க்கிறார்கள். இந்த உடம்புகளைக் குணப்படுத்தி என்ன பயன் என்று தோன்றியது, 1906இல் மருத்துவத்தை விட்டேன் என்று 'போர்க்குரல்' முன்னுரையில் எழுதுகிறார். அந்தப் படம் பிற்காலத்தில் செண்டாயில் கண்டெடுத்தவற்றுள் இல்லை. அதனால் அது நடந்ததா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, அவருடைய பாதிக் கதைகளில் அந்தக் கூட்டம் நிற்கிறது.

எழுத்தில் முதல் முயற்சி தோல்வி. தம்பி சௌ சுவோரெனுடன் சேர்ந்து ரஷ்ய, கிழக்கு ஐரோப்பியக் கதைகளை மொழிபெயர்த்து 1909இல் தோக்கியோவில் இரண்டு பாகங்களாக அச்சிட்டார். அடக்கப்பட்ட சிறிய நாடுகளின் எழுத்தைச் சீனருக்குக் காட்டவேண்டும் என்பது நோக்கம். தோக்கியோவில் முதற் பாகம் 21 பிரதி விற்றது, இரண்டாம் பாகம் 20. சொந்தக் காசில் புத்தகம் போட்டு அலுமாரிக்கு மேல் அடுக்கி வைத்திருக்கும் எமது எழுத்தாளர்களுக்கு இந்தக் கணக்கை அடிக்கடி சொல்வேன்.

முதல் தொகுதி 'போர்க்குரல்' 1923இல் வந்தது. இப்போதுள்ள வடிவில் 14 கதைகள். 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' அதில் முதலாவது. தலைப்பை கோகொலிடமிருந்து எடுத்தார். தன்னைச் சுற்றியுள்ளவர்கள் மனிதரைத் தின்கிறார்கள், தன்னையும் தின்னக் காத்திருக்கிறார்கள் என்று நம்பும் ஒருவனின் குறிப்புகள். பழைய நூல்களைப் புரட்டினால் தருமம், நீதி என்ற எழுத்துகளுக்கிடையே அவனுக்குத் தெரிவது நரமாமிசம்தான். எல்லோரும் இதைப் பேசுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது கதைக்கு முன்னாலுள்ள சின்ன முகவுரையை. அது பழைய இலக்கிய நடையில், படித்த கனவான் எழுதுவதுபோல் இருக்கும்: இந்த மனிதன் பின்னர் குணமாகிவிட்டான், அரச உத்தியோகத்துக்குப் போய்விட்டான் என்று அது சொல்லும். உண்மை பேசியபோது பைத்தியம், குணமானதும் உத்தியோகம். போராட்டக் காலத்தில் உரத்துப் பேசிப் பிறகு பதவிகளில் அமைதியானவர்கள் எமது இரு சமூகங்களிலும் உண்டு. அந்த முகவுரையை வாசிக்கும்போது முகங்கள் வரும்.

'மருந்து' (1919) என்ற கதைக்கு இங்கே கூடுதலாக இடம் கொடுக்கப்போகிறேன். தேநீர்க்கடை நடத்தும் ஹுவா என்ற கிழவனின் மகனுக்குச் சயரோகம். மரண தண்டனை பெற்றவனின் இரத்தத்தில் தோய்த்த ரொட்டியைத் தின்றால் சயம் தீரும் என்று அக்கால நம்பிக்கை. கிழவன் சேமித்த காசைக் கொண்டு விடியற்காலையில் கொலைக்களத்துக்குப் போய், கொலைஞனிடமிருந்து இரத்தம் சொட்டும் ரொட்டியை வாங்கி வந்து, அடுப்பில் சுட்டு மகனுக்குக் கொடுக்கிறான். அன்று கொல்லப்பட்டவன் சியா யூ என்ற இளம் புரட்சிக்காரன். இந்த மக்களுக்காகத்தான் அவன் செத்தான். அது தேநீர்க்கடையில் யாருக்கும் தெரியாது. சொந்தச் சிற்றப்பனே காட்டிக்கொடுத்து வெள்ளி வாங்கிக்கொண்டான் என்பதைச் சாமர்த்தியம் என்று மெச்சிப் பேசுகிறார்கள். சியா யூவின் பின்னால் ஓர் உண்மை மனிதர் இருக்கிறார்: லூ சுன்னின் ஊரான ஷாவோசிங்கில் 1907இல் சிரச்சேதம் செய்யப்பட்ட சியூ ஜின் என்ற புரட்சிப் பெண்.

மருந்து பலிக்கவில்லை. மகனும் சாகிறான். இறந்தோரை நினைவுகூரும் சிங்மிங் நாளில் இரண்டு தாய்மார் இடுகாட்டுக்கு வருகிறார்கள். இடுகாட்டின் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை. இடது பக்கம் தண்டிக்கப்பட்டுச் செத்தவர்களின் புதைகுழிகள், வலது பக்கம் ஏழைகளின் புதைகுழிகள். சியா யூவின் தாய் இன்னொருத்தியைக் கண்டதும் வெட்கப்பட்டுத் தயங்குகிறாள். பிறகு மகனின் குழியடிக்குப் போய் இருந்து அழுகிறாள். அவள் நிலைகுலைவதைக் கண்ட மற்றத் தாய் எழும்பி, அந்தப் பாதையைக் கடந்து வந்து அவளைத் தேற்றுகிறாள். அவனுடைய இரத்தத்தைத்தான் தன் மகன் தின்றான் என்பது இவளுக்குத் தெரியாது. கதை அதையும் அவளுக்குச் சொல்லவில்லை. சியா யூவின் குழிமேல் யாரோ வைத்த பூவளையம் ஒன்று இருக்கிறது. காகம் ஒன்று பறந்து போகிறது. அவ்வளவுதான்.

எங்கள் கரையில் 1990 ஓகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள், நூற்றுக்கு மேற்பட்டோர். 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தவர்கள். அதே நாட்களில் ஏறாவூர். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஊர்கள். யார் யாரைக் கொன்றார்கள் என்ற பட்டியலை ஒவ்வொரு தரப்பும் தவறாமல் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் தன் பட்டியலைத் தான் வாசிக்கிறது. மையவாடிக்கும் மயானத்துக்கும் இடையிலுள்ள பாதையைக் கடந்து போன தாய்மாரைப் பற்றி எமது எழுத்தில் மிகக் குறைவாகத்தான் இருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதியவர் எங்கள் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான். அந்தக் கவிதையை இன்று யாழ்ப்பாணத்தவர் தங்களுடையதாகவே வாசிக்கிறார்கள்.

இதே தொகுதியிலுள்ள 'ஆ கியூவின் உண்மைக் கதை' 1921 டிசம்பர் முதல் 1922 பெப்ரவரி வரை பீக்கிங் நாளிதழொன்றின் இணைப்பில் தொடராக வந்தது. நீளமானது, உலகறிந்தது. ஆ கியூ ஊரில் எல்லோரிடமும் அடி வாங்குகிற கூலியாள். அடி வாங்கியபின் மனதுக்குள் தானே வென்றுவிட்டதாகக் கணக்குப் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவான். தன்னைவிட எளியவர் கிடைத்தால் அவர்மேல் பாய்வான். புரட்சி வரும்போது அவனுக்கும் ஆசை வருகிறது; ஊர்ப் பெரியவர்கள் முந்திக்கொள்கிறார்கள். கடைசியில் செய்யாத கொள்ளைக்காகச் சுடப்படுகிறான். பார்க்க வந்த கூட்டத்துக்கு ஏமாற்றம்: தலை வெட்டுவதுபோல் சுடுவது பார்க்க நன்றாக இல்லை, போகிற வழியில் இவன் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை என்று குறைப்படுகிறார்கள். தொடராக வந்தபோது பலர் இது தங்களைத்தான் குத்துகிறது என்று கலங்கினார்களாம். 2009க்குப் பிறகு தோல்விக்கு வெற்றி என்று பெயர் மாற்றிப் பேசிய மேடைகளையும், தன்னைவிடச் சிறிய இனத்தின் மீது கோபத்தை இறக்கி ஆறுதல் தேடியவர்களையும் பார்த்த எமக்கும் அந்தக் கலக்கம் வரவேண்டும். முஸ்லிம்களாகிய நாங்களும் இதில் விதிவிலக்கில்லை. தேர்தலுக்குத் தேர்தல் அமைச்சுப் பதவியை எண்ணிப் பெருமைப்பட்டுவிட்டு, கடற்கரையில் வீட்டுக்குக் காத்திருந்தவர்களை மறந்தவர்கள் நாங்கள்.

'எனது பழைய ஊர்' (1921) கதையின் முடிவிலுள்ள பாதை பற்றிய வரிகளை முகநூலில் எல்லோரும் பகிர்கிறார்கள். கதையை வாசித்தவர்கள் குறைவு. சிறுவயதில் ஒன்றாக விளையாடிய ஏழைத் தோழன் ருன்து ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து வந்து, 'ஐயா' என்று கைகட்டி நிற்கும் இடம்தான் அந்தக் கதை. அந்த ஒரு சொல்லில் இருவருக்குமிடையே சுவர் எழும்பிவிடுகிறது.

இரண்டாம் தொகுதி 1926இல் வந்தது, 11 கதைகள். தலைப்பை 'அலைச்சல்' என்று தமிழாக்கலாம். இதைத்தான் நான் சிறந்த தொகுதி என்பேன். முதல் தொகுதியில் இருந்த கூவல் அடங்கி, குரல் தாழ்ந்திருக்கிறது. 'புத்தாண்டுப் பலி' (1924) இதில் முதற் கதை. சியாங்லின் மனைவி என்று மட்டுமே அறியப்படும் ஒரு விதவை, பணக்கார வீட்டில் வேலைக்கு வருகிறாள். மாமியார் ஆட்களைக் கொண்டு அவளைத் தூக்கிப்போய் வேறிடத்தில் கட்டிவைக்கிறாள். இரண்டாவது கணவனும் நோயில் சாகிறான். வாசலில் இருந்து அவரை உரித்துக்கொண்டிருந்த சின்ன மகனை ஓநாய் கொண்டுபோய்விடுகிறது. திரும்பி வந்து அந்தக் கதையைக் காண்போரிடமெல்லாம் சொல்கிறாள். முதலில் ஊர்ப் பெண்கள் கண்ணீர் விட்டுக் கேட்கிறார்கள். கேட்பதற்காகவே தேடி வருகிறார்கள். நாளாக நாளாக மனப்பாடமாகிவிடுகிறது. அவள் வாய் திறந்ததும் முதல் வசனத்தை இவர்களே சொல்லி அவளை நிறுத்துகிறார்கள்.

காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரை நான் இந்தக் கதையை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு; 2013இல் பரணகம ஆணைக்குழு; 2018இல் காணாமற்போனோர் அலுவலகம். ஒவ்வொரு மேசைக்கு முன்னாலும் அதே மகன், அதே திகதி, அதே சேட்டின் நிறம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கியபோது எல்லாக் கமராக்களும் அங்கே நின்றன. பிறகு நின்றவை எத்தனை? லூ சுன் அந்தப் பெண்ணை ஏமாற்றியவர்களில் படித்தவனையும் சேர்க்கிறார். கதைசொல்லி வெளியூரில் படித்துவிட்டு வந்தவன். பிச்சைக்காரியாகிவிட்ட அவள் அவனை மறித்து, செத்த பிறகு ஆவி என்று ஒன்று இருக்கிறதா, செத்த குடும்பம் ஒன்றுசேருமா என்று கேட்கிறாள். அவன் நிச்சயமாகச் சொல்லமுடியாது என்று நழுவிவிட்டு, அந்தப் பதில் எவ்வளவு வசதியானது என்று தனக்குள் மெச்சிக்கொள்கிறான். மறுநாள் அவள் செத்த செய்தி வருகிறது. ஊர் புத்தாண்டு வெடி கொளுத்துகிறது.

இத்தொகுதியில் 'மதுக்கடையில்', 'தனியன்', 'கழிந்ததற்கு வருந்தல்', 'விவாகரத்து' ஆகியவையும் உண்டு. 'கழிந்ததற்கு வருந்தல்' காதலுக்காக வீட்டை விட்டு வந்த பெண்ணை வறுமையில் கைவிடும் இளைஞனின் வாக்குமூலம். 1923இல் பெண்கள் கல்லூரியொன்றில், இப்சனின் நோரா கதவைச் சாத்திக்கொண்டு போனபிறகு என்ன ஆனாள் என்று அவர் ஆற்றிய உரையையும் சேர்த்து வாசிக்கவேண்டும். கையில் காசில்லாத சுதந்திரம் எத்தனை நாளைக்கு என்பதே அதன் கேள்வி. இப்படி எழுதியவர், 1906இல் தாயார் கட்டிவைத்த சூ ஆன் என்ற மனைவியோடு வாழவுமில்லை, அவரை விடுவிக்கவுமில்லை. பிற்காலத் துணைவி சூ குவாங்பிங். அவருடன் எழுதிக்கொண்ட கடிதங்கள் 1933இல் நூலாக வந்தன. சூ ஆன் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்.

மூன்றாவது தொகுதி 'பழங்கதைகள் புதிதாக' 1936 ஜனவரியில் வந்தது. புராண, வரலாற்று மாந்தரை வைத்து எழுதிய எட்டுக் கதைகள். எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. சீனத் தொன்மங்கள் தெரியாமல் அதன் கேலி பிடிபடாது.

கட்டுரைகள்தான் அளவில் அதிகம். பதினைந்துக்கு மேற்பட்ட தொகுதிகள். 'சாவென்' என்று சீனத்தில் அழைக்கப்படும் இந்தச் சிறு கட்டுரைகளைத்தான் அவர் தன் ஆயுதமாக வைத்திருந்தார். 1926 மார்ச் 18ஆம் திகதி பீக்கிங்கில் அரசாங்க வாசலுக்கு ஊர்வலமாகப் போன மாணவர்கள்மீது காவலர்கள் சுட்டார்கள். 47 பேர் இறந்தார்கள். அவர்களில் 22 வயதான லியூ ஹெசென் அவர் படிப்பித்த பெண்கள் கல்லூரி மாணவி. இரண்டு வாரம் கழித்து அவர் எழுதிய நினைவுக் கட்டுரையைச் சீனப் பாடசாலைகளில் பல தலைமுறைகள் படித்திருக்கின்றன. அதில் அவர் கோபப்படுவது சுட்டவர்கள்மீது மட்டுமல்ல. யாரோ தூண்டிவிட்டுத்தான் இந்தப் பிள்ளைகள் போனார்கள் என்று மறுநாளே எழுதிய படித்தவர்கள்மீதும்தான். இதே வாதத்தை எமது ஊடகங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்.

1931 பெப்ரவரி 7ஆம் திகதி ஷங்காயின் லுங்ஹுவாவில் ஐந்து இளம் இடதுசாரி எழுத்தாளர்கள் மற்றவர்களோடு சேர்த்து இரகசியமாகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ரௌ ஷி லூ சுன்னுக்கு மிக நெருங்கியவர். வெளிப்படையாக எழுத முடியாத நேரம். லூ சுன்னும் வீட்டை விட்டு ஒளிந்திருந்தார். பின்னர் சஞ்சிகையொன்றுக்கு அவர் ஒரு படத்தைக் கொடுத்தார்: ஜெர்மானிய ஓவியர் கேதே கொல்விட்ஸ் செதுக்கிய மரச்செதுக்கு. ஒரு தாய் தன் குழந்தையை இரு கைகளிலும் ஏந்தி நீட்டுகிறாள். கொல்விட்ஸ் தன் மகனை 1914இல் முதலாம் உலகப் போரில் இழந்தவர். ரௌ ஷியின் கண் பார்வையிழந்த தாய்க்கு மகன் செத்தது தெரியாது. ஏன் இந்தப் படம் என்று விளங்கியவர்களுக்கு விளங்கியது. 1933இல்தான் 'மறப்பதற்கான நினைவு' என்ற கட்டுரையில் அதையெல்லாம் எழுதினார். மறக்கச் சொல்வதற்காக வைத்த தலைப்பில்லை அது. சுமந்து திரிவதன் பாரம் தாங்காமல் இறக்கி வைக்கிறேன் என்று எழுதத் தொடங்கி, ஒரு துளியையும் மறக்காமல் எழுதி முடிக்கிறார்.

தணிக்கைக்குத் தப்ப அவர் பாவித்த புனைபெயர்கள் 140க்கு மேல். பத்திரிகையில் வெட்டுப்பட்ட வரிகளை நூலாக்கும்போது திரும்பச் சேர்த்து, அந்த இடங்களுக்குப் பக்கத்தில் கரும்புள்ளி வைத்தார். தணிக்கை அதிகாரி எதற்குப் பயந்தார் என்று வாசகர் பார்த்துக்கொள்ளலாம். தராக்கி என்ற பெயரில் எழுதிய சிவராம் 2005 ஏப்ரலில் கொல்லப்பட்டதையும், மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் சுடப்பட்டதையும் கண்ட மண்ணில் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கடைசிக் கட்டுரைத் தொகுதிகளுக்கு அவர் வைத்த பெயர் 'சியேஜியே தாழ்வாரம்'. சீனத்தில் 'வெளிநாட்டார் குத்தகைப் பகுதி' என்ற சொல்லின் இரு எழுத்துகளையும் பாதிப் பாதியாக வெட்டி எடுத்துச் செய்த பெயர். பாதி அந்நியர் வசமிருந்த தெருவில் குடியிருந்து எழுதியவை என்று அர்த்தம்.

வசனகவிதைத் தொகுதி 'காட்டுப்புல்' 1927இல் வந்தது. இருண்ட புத்தகம். அதில் 'வழிப்போக்கன்' என்ற சிறு நாடகத்தில், முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்கும் களைத்த பயணியிடம் கிழவர் புதைகுழிகள் என்கிறார். சிறுமி காட்டுப்பூக்கள் என்கிறாள். இரண்டும் உண்மை. அவன் நடக்கிறான். இடம்பெயர்ந்து திரும்பிய மக்களிடம் இதை வாசித்துக் காட்டினால் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

1928இல் வந்த நினைவுக் கட்டுரைகளின் தலைப்பு 'காலைப் பூவை மாலையில் கொய்தல்'. பத்துக் கட்டுரைகள். தந்தையின் நோய் பற்றியது ஒன்று. செண்டாய்ப் பேராசிரியர் புஜினோ பற்றியது இன்னொன்று. யப்பானிய மாணவர்கள் அவரைச் சீனன் என்று இளக்காரம் செய்த இடத்தில், இந்தப் பேராசிரியர் அவருடைய குறிப்புப் புத்தகங்களைக் கிழமைதோறும் வாங்கி, இலக்கணப் பிழை வரை சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். புஜினோவின் படத்தைப் பீக்கிங் வீட்டில் எழுதும் மேசைக்கு எதிரே மாட்டியிருந்தார். 1926இல், யப்பான்மீது சீன மக்களின் வெறுப்பு ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அவர் எழுதிய கட்டுரை இது.

இவற்றோடு 1923-24இல் வந்த 'சீனப் புனைகதையின் சுருக்க வரலாறு' இருக்கிறது. அத்துறைக்கு அது மூலநூல். மொழிபெயர்ப்பு அவருடைய உழைப்பில் பெரும் பகுதி. ஃபதேயேவின் நாவல் (1931), கோகொலின் 'இறந்த ஆன்மாக்கள்' (1935) என்று கடைசிவரை செய்தார். இளைஞர்களுக்கு மரச்செதுக்குக் கலை படிப்பிக்க 1931இல் பயிற்சி வகுப்பொன்றையும் நடத்தினார்.

அவர் இறந்தபின் 1938இல் முழுத் தொகுப்பு 20 பாகங்களாக வந்தது. 2005 பதிப்பு 18 பாகங்கள். 1940இல் மாவோ அவரைப் புதிய பண்பாட்டின் தலைமகன் என்று உயர்த்தியபின் அவர் சிலையாகிவிட்டார். கம்யூனிஸ்ட் கட்சியில் அவர் ஒருபோதும் அங்கத்தவராக இருந்ததில்லை. அவரை மொழிபெயர்த்த யாங் சியான்யியும் கிளாடிஸும் கலாசாரப் புரட்சியின்போது 1968இல் கைதாகி நான்கு ஆண்டுகள் சிறையில் கிடந்தார்கள். அவரைப் போற்றிக்கொண்டே அவர் எழுதியதைச் செய்யக்கூடாது என்றார்கள். மாவீரராக்கிய பின் கேள்வி கேட்க முடியாமல் போவது சீனாவுக்கு மட்டும் உரிய வியாதியில்லை.

புதிதாக வாசிக்கத் தொடங்குபவர் 'மருந்து', 'புத்தாண்டுப் பலி', 'எனது பழைய ஊர்', 'ஆ கியூ' என்ற வரிசையில் போகலாம். பிறகு புஜினோ கட்டுரை. கணேஷின் மொழிபெயர்ப்பை மறுபதிப்புச் செய்வது பெரிய செலவில்லை. நினைவுக் கட்டுரைகளும் 1926, 1933 கட்டுரைகளும் தமிழில் தனி நூலாக வரவேண்டும். மொழிபெயர்க்கக்கூடிய இளைஞர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள், இரு சமூகத்திலும்.

சயரோகத்தால் 1936 ஒக்டோபர் 19ஆம் திகதி அதிகாலை ஷங்காயில் இறந்தார், வயது 55. சவப்பெட்டிமேல் 'தேசத்தின் ஆன்மா' என்று எழுதிய துணியைப் போர்த்தினார்கள். அதற்கு முந்திய நாள் மூச்சுத் திணறிக்கொண்டு அவர் எழுதிய சிறு துண்டுதான் கடைசி எழுத்து. வைத்தியருக்குத் தொலைபேசியில் சொல்லி உடனே வரச்செய்யுங்கள் என்ற வேண்டுகோள். எழுதியது யப்பானிய மொழியில். எழுதப்பட்டது உச்சியாமா என்ற யப்பானியப் புத்தகக் கடைக்காரருக்கு; 1932இல் யப்பானியப் படைகள் ஷங்காயைத் தாக்கியபோது லூ சுன்னையும் மனைவி மகனையும் தன் கடையில் ஒளித்து வைத்திருந்தவர் அவர்தான். லூ சுன் இறந்து ஓராண்டு முடிவதற்குள், 1937 ஜூலையில், சீனாவும் யப்பானும் முழுப் போரில் இறங்கின.